பனிக்காலமும் பள்ளிச் சீருடையும்

உதகமண்டலம் என்றதுமே சமவெளியில் இருக்கும் சகோதரிகளுக்கு மே மாதமும் மலர்க் காட்சியும்தான் நினைவுக்கு வரும். "உனக்கென்னடி, வருஷம் முழுக்க ஏ.சி.யிலேயே குடித்தனம்!" என்று என் பிறந்த வீட்டில் இன்றைக்கும் கேலி செய்வார்கள். இரண்டு நாள் வந்து, படகில் ஏறி, வர்க்கி வாங்கிக்கொண்டு இறங்கிப் போகிறவர்களுக்கு இந்த ஊர் ஏ.சி.தான். ஆனால் டிசம்பர் மாதம் காலை ஏழரை மணிக்கு, ஒரு சின்னக் குழந்தைக்குச் சீருடை மாட்டி, கை கால் விறைக்காமல், நெஞ்சில் சளி கட்டாமல் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டிய தாயாருக்குத்தான் இந்தக் குளிரின் மறுபக்கம் தெரியும்.

நான் திருநெல்வேலிச் சீமைக்காரி. எங்கள் ஊரில் ஸ்வெட்டர் என்பது கைக்குழந்தைக்கு யாராவது பரிசாகக் கொடுத்து, ஒரு போட்டோவுக்கு மாட்டிவிட்டுப் பெட்டியில் வைத்துவிடுகிற சங்கதி. 2002-ம் வருஷம் கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். என் கணவருக்கு இங்கே தேயிலைக் கம்பெனி ஒன்றில் கணக்கு எழுதும் வேலை. வந்த புதிதில் தேங்காய் எண்ணெய் புட்டியைக் கவிழ்த்துக் கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. "அது இங்க எப்பவும் கல்லாட்டம்தான் இருக்கும் கண்ணு, அடுப்புப் பக்கத்துல வை" என்று என் மாமியார் சிரித்தார். அன்று தொடங்கிய பாடம், இரண்டு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கும் வரை நீண்டது. பெரியவள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். சின்னவன் பத்தாவது. இத்தனை பனிக்காலங்களில் அத்தையிடமும், அக்கம்பக்கத்திலும், டாக்டரிடமும் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மலையில் இருப்பவர்களுக்கு மட்டுமல்ல. டில்லி, சண்டிகர் என்று மாற்றலாகிப் போகும் குடும்பத்துச் சகோதரிகளுக்கும் இது உதவும்.

முதலில் எங்கள் ஊர்க் குளிரைப் பற்றி இரண்டு வார்த்தை. கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கிறோம். ஜூன் மாதம் பள்ளிக்கூடம் திறக்கும்போதே தென்மேற்குப் பருவ மழையும் திறந்துகொள்ளும். அது ஈரக் குளிர். ஐப்பசி, கார்த்திகையில் மறுபடி மழை. அது ஓய்ந்து வானம் தெளிந்ததும் உறைபனிக் காலம் ஆரம்பம். மேகம் இல்லாத இரவில் பூமியின் சூடெல்லாம் மேலே போய்விடும்; குளிர்ந்த காற்று கனமானது என்பதால் பள்ளத்தில் இறங்கித் தங்கிவிடும். அதனால்தான் தலைகுந்தா, காந்தல் போன்ற தாழ்வான இடங்களில் காலையில் புல்லெல்லாம் உப்பைக் கொட்டினாற்போல் வெளுத்துக் கிடக்கிறது. விடியற்காலையில் பூஜ்ஜியம் டிகிரியை ஒட்டி இறங்கும். சில இடங்களில் அதற்குக் கீழேயும் போகும். ஆனால் அதே நாள் மத்தியானம் 20 டிகிரி இருக்கும், வெயில் சுள்ளென்று அடிக்கும்!

தாய்மார்களுக்குச் சிக்கலே இங்கேதான். காலையில் போட்ட கனத்த ஸ்வெட்டரோடு மத்தியானம் குழந்தை ஓடிப்பிடித்து விளையாடும். உள்ளே வியர்த்து பனியன் நனையும். மாலை நாலு மணிக்கு வெயில் இறங்கியதும் அந்த ஈரம் முதுகில் சில்லென்று ஒட்டும். "ஸ்வெட்டர் போட்டுத்தானே அனுப்பினேன், எப்படிச் சளி பிடித்தது?" என்று நாம் திகைப்போம். சளியும் ஜுரமும் கிருமியால்தான் வருகின்றன, குளிரே நேராகக் கொண்டுவருவதில்லை என்று டாக்டர் சொல்வார். ஆனால் குளிரில் கதவு ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஒரே அறையில் நாற்பது பிள்ளைகள் நெருக்கி உட்காரும்போது ஒருவர் இருமலை எல்லோரும் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ஈர உடையோடு நடுங்குகிற பிள்ளைக்கு அவஸ்தை இன்னும் அதிகம். இழுப்பு உள்ள பிள்ளை என்றால் கேட்கவே வேண்டாம்.

சீருடையின் கதையோ வேறு. அரைக்கை சட்டை, முழங்கால் தெரியும் கால்சட்டை, பெண் பிள்ளைகளுக்குப் பாவாடை! மெட்ராஸ் வெயிலுக்கு வெட்டித் தைத்த உடையை மலைமேல் ஏற்றியதுபோல இருக்கும் சில பள்ளிகளில். மேலே ஒரு ஸ்வெட்டரை மாட்டிவிட்டால் குளிர்காலச் சீருடை ஆகிவிட்டது என்று கணக்கு.

என் மாமியார் பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர். ஆனால் குளிர் விஷயத்தில் அவர் சொன்னது அத்தனையும் சரியாக இருந்தது. "கனமா ஒண்ணு போடறதைவிட லேசா மூணு போடு கண்ணு" என்பார். காரணம் எளிது. உடை தானாகச் சூடு தருவதில்லை. நம் உடம்பின் சூட்டைப் பிடித்து வைக்கிறது. ஒரு துணிக்கும் இன்னொரு துணிக்கும் நடுவே நிற்கும் காற்றுதான் உண்மையான போர்வை. மூன்று துணி என்றால் நடுவே இரண்டு போர்வை இலவசம்! தேவைப்பட்டால் ஒன்றைக் கழற்றவும் முடியும்.

எங்கள் வீட்டு ஏற்பாட்டைச் சொல்கிறேன். முதலில் உடம்போடு ஒட்டிய முழுக்கை உள்பனியன். கடையில் "தெர்மல்" என்று கேட்டால் தருவார்கள். வெள்ளை அல்லது சட்டையின் நிறத்திலேயே வாங்கினால் வெளியே தெரியாது. அதன்மேல் சட்டை. அதன்மேல் கையில்லாத மெல்லிய ஸ்வெட்டர். எல்லாவற்றுக்கும் மேலே பள்ளிக்கூட நிறத்தில் முழுக்கை ஸ்வெட்டர். பத்தரை மணிக்கு வெயில் ஏறியதும் மேல் ஸ்வெட்டரை மட்டும் கழற்றிப் பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒன்றாம் வகுப்பிலேயே பழக்கினேன். விளையாடப் போகுமுன் கழற்று, விளையாடி முடித்ததும் மாட்டு. ஆரம்பத்தில் மறந்து மறந்து வருவார்கள். ஸ்வெட்டரைத் தொலைத்துவிட்டும் வருவார்கள். கழுத்துப் பட்டியின் உட்புறம் பெயரின் முதல் எழுத்தையும் வகுப்பையும் நூலால் தைத்துவிட்டால் தொலைந்தது திரும்பி வரும்.

பருத்தி உள்ளாடை உடம்புக்கு இதம்தான். ஆனால் அது வியர்வையை உறிஞ்சிக்கொண்டு நெடுநேரம் ஈரமாகவே இருக்கும். ஆகவே ஓடியாடும் பையன்களுக்குப் பையில் ஒரு மாற்று பனியன் கொடுத்தனுப்புங்கள். கம்பளி நூலுக்கு ஒரு நல்ல குணம்: கொஞ்சம் ஈரம் பட்டாலும் சூட்டை விடாது. நூல் குத்துகிறது என்று குழந்தை அழுதால், சட்டைக்கு மேல் போடுங்கள். நேராக உடம்பில் பட வேண்டாம்.

பாதங்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். குளிருக்கு இரண்டு காலுறை போட்டுவிட்டு, பழைய ஷூவுக்குள் காலை அழுத்தித் திணிக்கும் தாய்மார்களைப் பார்க்கிறேன். இறுக்கினால் ரத்த ஓட்டம் குறையும்; பாதம் முன்னைவிட அதிகமாய்ச் சில்லிடும். இரண்டு காலுறை போடுவதானால் ஷூவும் ஒரு அளவு பெரிதாக இருக்க வேண்டும். விரலை உள்ளே அசைக்க முடிகிறதா என்று குழந்தையைக் கேளுங்கள். அசைக்க முடிந்தால் சரி. மழை நாளில் பிளாஸ்டிக் பையில் ஒரு ஜோடி காலுறை புத்தகப் பையின் அடியிலே எப்போதும் இருக்கட்டும். நனைந்த ஷூவை அடுப்பங்கரையில் வைத்தால் தோல் வெடிக்கும். பழைய செய்தித்தாளைக் கசக்கி உள்ளே திணித்து, இரண்டு மணிக்கு ஒரு தரம் மாற்றினால் இரவுக்குள் ஈரத்தை இழுத்துவிடும்.

சில குழந்தைகளுக்குக் கால் விரலும் கை விரலும் சிவந்து வீங்கி, அரிப்பும் எரிச்சலுமாக இருக்கும். சின்னவனுக்கு இரண்டு வருஷம் இந்தத் தொல்லை இருந்தது. விறைத்த விரலை நெருப்பில் நேராகக் காட்டுவதும் கொதிக்கிற வெந்நீரில் முக்குவதும் கூடாது. சட்டென்று சூடு ஏற்றுவதால்தான் அது அதிகமாகிறது. மரத்துப்போன தோலுக்குச் சூடு தெரியாததால் வெந்து போகவும் கூடும். நம் உள்ளங்கைக்குள் வைத்து மெல்லச் சூடாக்கி, உலர்ந்த காலுறை மாட்டினால் போதும். புண்ணாகிவிட்டால் டாக்டரிடம் காட்டுங்கள்.

காதுக்கும் தலைக்கும் குல்லாயோ ஸ்கார்ஃபோ கட்டாயம். சின்னப் பிள்ளைகளுக்கு உடம்பைப் பார்க்கத் தலை பெரிது. அதை மூடாமல் மற்றதை மட்டும் மூடிப் பயன் குறைவு. இந்த மலையின் படுகர் இனத்துப் பாட்டிமார்கள் வெள்ளைத் துணியை உடம்பைச் சுற்றிப் போர்த்தி, தலையிலும் இறுக்கிக் கட்டியிருப்பதைப் பாருங்கள். தலைமுறை தலைமுறையாய் இந்தக் குளிரில் வாழ்ந்தவர்களின் அனுபவம் அந்தக் கட்டில் இருக்கிறது. குளிக்க வைப்பதைக் காலையிலிருந்து மாலைக்கு மாற்றிவிட்டேன். பெரியவளுக்கு நீளமான கூந்தல். தலைக்குக் குளியல் ஞாயிறு மத்தியானம் வெயிலில் மட்டும்தான். ஈரப் பின்னலோடு ஒரு நாளும் அனுப்பியதில்லை.

இனி நான் முக்கியமாகச் சொல்ல நினைத்த விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பெரியவளுக்கு இழுப்பு உண்டு. 2010-ல், ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த வருஷம், உறைபனிக் காலத்தில் ஒரு இரவு ஆரம்பித்தது. விடிய விடிய உட்கார்ந்தபடியே மூச்சு வாங்கினாள். நெஞ்சில் பூனைக்குட்டி கத்துவது போல் ஒரு சத்தம். விலாவெல்லாம் உள்வாங்கி உள்வாங்கி எழும்புகிறது. "அம்மா... தண்ணி..." என்று இரண்டு வார்த்தையைச் சேர்ந்தாற்போல் சொல்ல முடியவில்லை அவளால். இருட்டோடு இருட்டாக ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மூச்சு வழியாக மருந்து கொடுத்த பிறகுதான் அவள் முகத்தில் உயிர் வந்தது. எங்களுக்கும்தான்.

டாக்டர் பொறுமையாக உட்கார வைத்து விளக்கினார். குளிர்ந்த, வறண்ட காற்று நேராக உள்ளே போனால் இந்தக் குழந்தைகளின் மூச்சுக் குழாய் சுருங்கிக்கொள்ளும். ஆகவே வெளியே போகும்போது மூக்கையும் வாயையும் ஸ்கார்ஃபால் தளர மூட வேண்டும். மூக்கால் மூச்சுவிடப் பழக்க வேண்டும். புகை ஆகவே ஆகாது. தினமும் எடுக்க வேண்டிய தடுப்பு மருந்து ஒன்று, திணறும்போது எடுக்க வேண்டியது ஒன்று என இரண்டு இன்ஹேலர் எழுதிக் கொடுத்தார். குழாய் போன்ற "ஸ்பேசர்" ஒன்றையும் மாட்டிக் காட்டினார். சின்னக் குழந்தைகளுக்கு அது இல்லாமல் மருந்து சரியாக நெஞ்சுக்குப் போகாதாம்.

விஷயம் தெரிந்ததும் அக்கம்பக்கத்தில் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். "பெண் குழந்தை... இன்ஹேலர் போட்டால் பழக்கமாகிடும், அப்புறம் விடவே முடியாது!" என்றார் ஒரு மாமி. அத்தைக்கும் மனசு குழம்பிவிட்டது. "டாக்டரையே கேட்டுடலாம் அத்தை" என்று அவரையும் கூட்டிக்கொண்டு போனேன். டாக்டர் சிரித்தார். "மூக்குக்கண்ணாடி போட்டால் கண்ணுக்குப் பழக்கமாகிவிடும் என்று சொல்வீர்களா, பாட்டி? தேவை இருக்கும்வரை போடுகிறோம். இது போதை அல்ல. மாத்திரையைவிடக் கொஞ்ச மருந்துதான்; நேராக நெஞ்சுக்குப் போகிறது" என்றார். அதன் பிறகு அவளுக்கு வேளை தவறாமல் மருந்து கொடுத்ததும், கொடுத்த பின் வாய் கொப்பளிக்க வைத்ததும் என் மாமியார்தான்!

இழுப்புள்ள குழந்தை பேச முடியாமல் திணறினாலோ, விலா உள்வாங்கினாலோ, உதடு நீலம் பாரித்தாலோ, மருந்து கொடுத்தும் அடங்காவிட்டாலோ கைவைத்தியம் பார்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்காதீர்கள். உடனே ஆஸ்பத்திரிதான்.

அவள் ஐந்தாம் வகுப்புக்கு வந்தபோது, 2014 டிசம்பரில், ஒரு சங்கடம் வந்தது. பள்ளிக்கூடத்தில் சீருடை விதியைக் கண்டிப்பாக்கினார்கள். பாவாடைக்குக் கீழே பேன்ட் போட்டால் வாசலிலேயே கழற்றச் சொல்வது, ஸ்கார்ஃபை வாங்கி மேஜையில் வைத்துக்கொள்வது, திறந்த மைதானத்தில் கால் மணி நேரம் பிரார்த்தனை. மாலையில் வீடு வந்த மகளின் முழங்கால் தோல் சாம்பல் பூத்துப் போயிருந்தது. மூன்றாம் நாள் இருமல் கட்டியது. எத்தனை பனியன் மாட்டி அனுப்பி என்ன, வாசலில் கழற்றிவிட்டால்?

இவர் "நான் போய்ப் பேசவா?" என்றார். "நீங்க ஒருத்தர் போனா ஒரு வீட்டுப் பிரச்னைன்னு நினைப்பாங்க. நாங்க அம்மாமார் போறோம்" என்றேன். அடுத்த நாள் ஆறு பேர் சேர்ந்து போனோம். கையில் டாக்டரின் சீட்டையும் எடுத்துக்கொண்டேன். தலைமையாசிரியை அம்மா மரியாதையாகத்தான் பேசினார். "சீருடை என்றால் எல்லாப் பிள்ளைகளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் அல்லவா? உங்களுக்காக விட்டால் நாளைக்கு ஆளுக்கொரு நிறத்தில் வருவார்கள்" என்றார்.

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எங்களோடு வந்திருந்த ஒரு பெண், விடியுமுன்னே கேரட் தோட்டத்துக்குப் போய் ஈரத்தில் நிற்கிறவர், மெதுவாகச் சொன்னார்: "எல்லாப் புள்ளைங்களும் ஒரே மாதிரிதானுங்க டீச்சர் நடுங்குது."

அறையில் ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை. பிறகு தலைமையாசிரியை தண்ணீர் குடித்துவிட்டு, "என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்கள்" என்றார். நாங்கள் கேட்டது மூன்றே மூன்று. நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை பாவாடைக்குக் கீழே கருநீலப் பேன்ட்டோ கனத்த காலுறையோ போட அனுமதி. அதுவும் எல்லோருக்கும் ஒரே நிறம். முதல் பாடவேளை முடியும்வரை ஸ்கார்ஃப், அதுவும் கருநீலம். பிரார்த்தனையை மைதானத்துக்குப் பதிலாக வகுப்பறையிலேயே ஒலிபெருக்கி வழியாக நடத்துவது. ஒரு வாரத்தில் மூன்றுக்கும் சுற்றறிக்கை வந்தது. இன்றைக்கும் அந்தப் பள்ளியில் அப்படித்தான் நடக்கிறது. சின்னவனும் அதன் பலனை அனுபவித்தான்.

ஆகையால் சகோதரிகளே, பள்ளிக்கூடத்தோடு மல்லுக்கு நிற்க வேண்டாம். மௌனமாகவும் இருக்க வேண்டாம். நாலு தாய்மார் சேர்ந்து, நிறம் கெடாத ஒரு வழியையும் நீங்களே யோசித்துக்கொண்டு போய்க் கேளுங்கள். அவர்களும் பிள்ளை வளர்க்கிறவர்கள்தானே!

அன்று வெளியே வரும்போதுதான் அந்தக் கேரட் தோட்டத்துச் சகோதரி, தன் இரண்டு பெண்களுக்கும் சேர்த்து வீட்டில் ஒரே ஸ்வெட்டர்தான் என்று சொன்னார். துவைத்தால் காய நாலு நாள். அதுவரை ஒருத்தி வெறும் சட்டையோடு போவாள். நாங்கள் ஆறு பேரும் வீட்டுக்குப் போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தோம். பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன பள்ளி ஸ்வெட்டர்கள் மொத்தம் பதினொன்று கிடைத்தன! துவைத்து, பொத்தான் தைத்துப் பள்ளியில் ஒரு பெட்டியில் கொண்டுபோய் வைத்தோம். சிறிதானதை வைத்துவிட்டுப் பெரிதை எடுத்துக்கொள்ளலாம், வைக்க இல்லாதவர்களும் எடுத்துக்கொள்ளலாம். எல்லாம் ஒரே நிறம் என்பதால் எது யாருடையது என்று ஒரு குழந்தைக்கும் தெரியாது, கூச்சமும் இல்லை. சீருடையில் இப்படி ஒரு நல்ல குணமும் இருக்கிறது பாருங்கள்! அரசுப் பள்ளிகளில் படிக்கும் மலைப்பகுதிக் குழந்தைகளுக்கு ஸ்வெட்டர், மழைக்கோட்டு, பூட்ஸ், காலுறை கொடுக்கும் திட்டம் தமிழ்நாட்டில் உண்டு. தகுதி உள்ளவர்கள் தலைமையாசிரியரைக் கேட்டுப் பெற்றுக்கொள்ளலாம்.

வாங்க முடிகிறவர்களுக்கு எங்கள் ஊரில் தாவரவியல் பூங்கா பக்கம் திபெத்தியர்கள் நடத்தும் கம்பளிக் கடைகள் இருக்கின்றன. ஆனால் கையால் பின்னுவதில் உள்ள லாபம் தனி. பிள்ளை வளர்ந்தாலும் ஸ்வெட்டரும் கூடவே வளரும்! எப்படி என்கிறீர்களா? கையைத் தோள்பட்டையிலிருந்து கீழ்நோக்கிப் பின்ன வேண்டும். அடுத்த வருஷம் கை குட்டையானால் மணிக்கட்டுப் பட்டியை மட்டும் பிரித்து, இரண்டு அங்குலம் கூடப் பின்னி மறுபடி பட்டி போட்டுவிடலாம். பழைய ஸ்வெட்டரைப் பிரித்த நூல் சுருண்டு சுருண்டு இருக்கும். அதைச் சிட்டமாகச் சுற்றி, நாலு இடத்தில் கட்டி, வெதுவெதுப்பான நீரில் அலசி நிழலில் தொங்கவிட்டால் நேராகிவிடும். முழங்கை தேய்ந்தால் உட்புறம் ஒரு துண்டு ஒட்டுத் தைத்துவிடுங்கள்.

கம்பளியைத் துவைப்பதும் பழக்கத்தில் வருவதுதான். வெந்நீர் கூடாது, அடித்துத் துவைக்கவும் கூடாது. சுருங்கிப் பொம்மைச் சட்டையாகிவிடும்! வெதுவெதுப்பான நீரில் பூந்திக்கொட்டை நுரையில் ஊறவைத்து மெல்லப் பிசைந்து அலசுங்கள். முறுக்கிப் பிழியாமல், பெரிய துவாலையில் வைத்துச் சுருட்டி அழுத்தினால் தண்ணீர் இறங்கும். கொடியில் தொங்கவிட்டால் கனத்தில் நீண்டுபோகும். பாயில் விரித்து உலர்த்த வேண்டும். மழை நாளில் சட்டை முழுக்க உலராவிட்டால், காலையில் இஸ்திரி போட்டு ஈரத்தைப் போக்கிவிடுங்கள். அந்தச் சூட்டோடு மாட்டினால் குழந்தை அடம் பிடிக்காமல் போட்டுக்கொள்ளும். அடுப்புக்கு மேலே மட்டும் துணி கட்டாதீர்கள். டெரிகாட்டன் துணி ஒரு பொறி விழுந்தால் உருகி உடம்போடு ஒட்டிக்கொள்ளும்.

நெருப்பு என்றதும் இதையும் சொல்லிவிட வேண்டும். குளிர் தாங்காமல் குமுட்டி அடுப்பில் கரியைப் பற்றவைத்து, கதவைச் சாத்திக்கொண்டு படுக்கும் பழக்கம் மலையில் சில வீடுகளில் இருக்கிறது. புகை இல்லையே என்று நினைப்பார்கள். கரி கனியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற விஷ வாயு வெளிவரும். அதற்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். சுற்றுலா வந்தவர்கள்கூட இப்படி உயிரை விட்ட செய்தியைப் பனிக்காலத்தில் படிக்கிறோம். அந்தக் காலத்து பங்களாக்களில் கணப்புக்குப் புகைபோக்கி இருக்கும். நம் வீடுகளில் ஏது? தூங்கும் அறையில் கரி நெருப்பு வேண்டவே வேண்டாம். ரப்பர் பையில் வெந்நீர் ஊற்றித் துணி சுற்றி, படுக்குமுன் கால்மாட்டில் வைத்து, குழந்தை படுத்ததும் எடுத்துவிட்டால் படுக்கை இதமாக இருக்கும். அதிகமாய் ஒரு கம்பளி போர்த்திவிட்டாலே போதும்.

கடைசியாக வயிறு. வெறும் வயிற்றோடு போகும் குழந்தையை எந்த ஸ்வெட்டரும் காப்பாற்றாது. உடம்புக்குச் சூடு கொடுப்பதே சாப்பாடுதானே! எங்கள் வீட்டில் காலையில் கேழ்வரகுக் கூழோ கஞ்சியோ சுடச்சுட ஒரு டம்ளர், பிறகுதான் இட்லி, தோசை. மதியச் சாப்பாடு பனிக்கட்டியாகிவிடாமல் இருக்க, வாயகன்ற பிளாஸ்கில் முதலில் கொதிக்கும் நீரை ஊற்றி ஐந்து நிமிஷம் மூடி வையுங்கள். அதைக் கொட்டிவிட்டுச் சாதத்தைப் போட்டால் நெடுநேரம் சூடு நிற்கும். குளிர்காலத்தில் பிள்ளைகள் தண்ணீரே குடிப்பதில்லை. வெதுவெதுப்பான குடிநீரை ஒரு சின்ன பிளாஸ்கில் கொடுத்தனுப்பி, காலியாகி வந்ததா என்று பாருங்கள். உதடு, கன்னம் வெடிக்காமல் இருக்கக் காலையில் கொஞ்சம் வாசலினோ உருக்கிய தேங்காய் எண்ணெயோ தடவலாம்.

இத்தனையும் செய்ய நேரம் எங்கே என்கிறீர்களா? முதல் நாள் இரவே பனியன் முதல் காலுறை வரை போடும் வரிசையில் ஒரு நாற்காலியில் எடுத்து வைத்துவிட்டால், காலையில் பத்து நிமிஷ வேலை. குழந்தையை வாசலுக்கு அனுப்புமுன் பிடரியில், சட்டைக்கு உள்ளே, கையை விட்டுப் பாருங்கள். கையும் மூக்கும் சில்லென்று இருந்தாலும் பிடரி இதமாக இருந்தால் உடை சரி. வியர்த்திருந்தால் ஒன்றைக் கழற்றுங்கள். குளிர்ந்திருந்தால் ஒன்றைக் கூட்டுங்கள். என் மாமியார் சொல்லிக் கொடுத்த கணக்கு இது. பிள்ளையை நன்றாகப் போர்த்தி அனுப்புகிற அவசரத்தில் நீங்களும் ஒரு ஸ்வெட்டர் போட்டுக்கொள்ள மறக்காதீர்கள். நாம் படுத்துவிட்டால் அந்த வீட்டில் அன்றைக்கு அடுப்பு எரிய ஆள் வேண்டுமே!